நான்கு கொம்புள்ள கறுப்பு உறை

புயல் ஓய்ந்த மறுநாள் காலையில் கடற்கரைக்குப் போகிறவர்களுக்கு, அலை ஏறிவந்து திரும்பிய எல்லையில் கடல் ஒதுக்கிவிட்ட பொருட்கள் ஒரு நீண்ட கோடாகக் கிடப்பது பழகிய காட்சி. வட அட்லாண்டிக் கரையொன்றில் அப்படிப்பட்ட கோட்டின் ஓரமாக நடந்துகொண்டிருந்தபோது, வேரோடு பிடுங்கப்பட்ட கடற்பாசிக் குவியலுக்குள் கறுப்பாக ஏதோ தட்டுப்பட்டது. சைக்கிள் டியூப்பிலிருந்து வெட்டியெடுத்த துண்டு என்று நினைத்து முதலில் அதைக் காலால் ஒதுக்கிவிட்டு நடந்தேன். பத்தடி தள்ளி அதே போல இன்னொன்று கிடந்தது. அதற்கும் நான்கு மூலையிலும் நான்கு கொம்புகள் இருந்தன. ரப்பர் துண்டு தற்செயலாக ஒருமுறை அப்படிக் கிழியலாம், இரண்டு முறை கிழியாது என்று தோன்றவே, திரும்பிப் போய் இரண்டையும் எடுத்து வந்தேன்.

உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. காய்ந்த மிளகாயைப் போல லேசாக இருந்தது. அழுத்தினால் நொறுங்கிவிடும் போலவும் இருந்தது. மேற்புறம் சற்றே உப்பியும் அடிப்புறம் தட்டையாகவும் இருந்தன. கொம்புகளில் இரண்டு ஒரு பக்கமாகவும் இரண்டு எதிர்ப்பக்கமாகவும் நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு பக்கத்துக் கொம்புகளுக்கு இடையிலிருந்த விளிம்பை விரல் நகத்தால் தொட்டபோது, ஒட்டாமல் விட்ட தபால் உறையின் வாயைப் போல அது திறந்துகொண்டது. உள்ளே ஒரு சிட்டிகை மணலைத் தவிர வேறொன்றும் இல்லை.

அது ஒரு மீனின் முட்டையுறை. முட்டையிட்ட மீன் சுறாவின் நெருங்கிய உறவு. ஆங்கிலம் பேசும் நாடுகளில் இதைக் கடற்கன்னியின் பணப்பை என்று அழைக்கும் வழக்கம் உண்டு. கேட்க அழகாக இருந்தாலும் பொருளுக்குப் பொருந்தாத பெயர் என்றே எனக்குத் தோன்றுகிறது, ஏனென்றால் பணப்பை அடிக்கடி திறந்து மூடுவதற்காகச் செய்யப்படுவது. இதுவோ ஒரே ஒரு முறை, அதுவும் உள்ளேயிருந்து மட்டும், திறப்பதற்காகச் செய்யப்பட்டது.

சுறாக்கள், திருக்கைகள், அவற்றின் தூரத்து உறவான கைமீராக்கள் ஆகிய குருத்தெலும்பு மீன்களில் ஏறத்தாழ 40 சதவீத இனங்கள் முட்டையிடுகின்றன, மற்றவை குட்டி ஈனுகின்றன. தமிழில் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. தட்டையான உடலும் நீண்ட வாலும் உள்ள எல்லாவற்றையும் நாம் பொதுவாகத் திருக்கை என்றே சொல்லிவிடுகிறோம். ஆனால் வாலில் விஷமுள் உள்ள கொட்டும் திருக்கைகளும், சிறகடிப்பது போல நீந்தும் பெரிய யானைத்திருக்கைகளும் குட்டி ஈனுபவை; அவற்றின் முட்டையுறை எந்தக் கரையிலும் ஒதுங்காது. கொம்பு வைத்த உறைகளை இடுவது ஸ்கேட் என்னும் தனிக்குடும்பம். உருவத்தில் திருக்கையைப் போலவே இருக்கும் அந்தக் குடும்பத்தில் ஏறத்தாழ 300 இனங்கள் இருக்கின்றன, அத்தனையும் முட்டையிடுபவை. ஆங்கிலத்திலும் இந்தக் குழப்பம் தீர்ந்தபாடில்லை. அங்கே பேச்சுவழக்கில் 'ரே' என்று பெயர் பெற்ற பல இனங்கள் உண்மையில் ஸ்கேட்கள்தான். நான் கண்டெடுத்த உறைக்குரிய முள்முதுகுத் திருக்கையும் அப்படிப்பட்ட ஒன்று.

இந்த மீன்களில் தாய் குஞ்சைப் பார்ப்பதே இல்லை. முட்டையிட்ட இடத்தில் காவல் காப்பதோ, விசிறிவிடுவதோ, திரும்ப வந்து பார்ப்பதோ கிடையாது. உறையைச் செய்வது, அதை வைக்கத் தகுந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பது என்னும் இரண்டு வேலைகளுக்குள் அதன் தாய்மை முழுவதும் முடிந்துவிடுகிறது. இது புரிந்தபின் அந்தக் கறுப்புத் துண்டை நான் பார்க்கும் விதம் மாறியது. குஞ்சுக்காகத் தாய் செய்யக்கூடிய அத்தனையும் அந்தப் பொருளின் வடிவத்திலும் தடிப்பிலும் கொம்பின் வளைவிலும் முன்கூட்டியே செய்து வைக்கப்பட்டிருக்க வேண்டும்.

உறை செய்யப்படும் விதம் வியப்பானது. பெண் மீனின் இரண்டு சினைக்குழாய்களிலும் ஒவ்வொரு சுரப்பி இருக்கிறது. முட்டைகள் பெரும்பாலும் இரட்டையாக இடப்படுவதற்குக் காரணம் இதுதான். கோழி முட்டையில் கரு முதலில் வருகிறது, ஓடு பிறகு அதன்மேல் படிகிறது. இங்கே சுரப்பி முதலில் உறையின் ஒரு பாதியைச் செய்யத் தொடங்கிவிடுகிறது. அடிப்பக்கம் தைத்த பையைப் போல அது பாதி உருவாகித் திறந்திருக்கும் நிலையில்தான் மஞ்சள்கருவோடு கூடிய முட்டை வந்து அதற்குள் இறங்குகிறது. அதன்பின் மறுபாதி முடிந்து வாய் மூடப்படுகிறது. மூலப்பொருள் கொலாஜன் வகைப் புரதம், அதாவது நம் தோலுக்கும் தசைநாணுக்கும் உறுதி தருகிற அதே குடும்பத்துப் பொருள். அது நுண்ணிய நார்களாக அடுக்கடுக்காகப் படிகிறது. ஒரு அடுக்கின் நார்கள் ஓடும் திசைக்குக் குறுக்காக அடுத்த அடுக்கின் நார்கள் ஓடுவதால், ஒட்டுப்பலகையைப் போல எந்தப் பக்கம் இழுத்தாலும் கிழியாத வலு வருகிறது. புதிதாக வந்த உறை மென்மையாகவும் வெளிறியும் இருக்கும். பிறகு பதனிட்ட தோலைப் போல இறுகி நிறம் கறுக்கிறது.

அந்தச் சுரப்பிக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஆணின் விந்தணுக்களை அது தன் மடிப்புகளுக்குள் சேமித்து வைத்துக்கொள்கிறது. அமெரிக்காவில் ஒரு காட்சியகத்தில் ஆணின் தொடர்பே இல்லாமல் வைக்கப்பட்டிருந்த பழுப்புப்பட்டை மூங்கில் சுறா ஒன்று, குறைந்தது 45 மாதங்கள் சேமித்து வைத்த விந்தணுவைக் கொண்டு உயிருள்ள முட்டையிட்டது 2015இல் பதிவாகியிருக்கிறது. உறைக்கூடமும் களஞ்சியமும் ஒரே கட்டடத்தில் இருப்பது எவ்வளவு வசதி என்று பாருங்கள்.

இந்த உறைகளைக் கவனித்து எழுதியவர்களில் மிகப் பழையவர் அரிஸ்டாட்டில். ஒருவகைச் சிறுசுறாவின் உறையை அவர் குழல் வாத்தியத்தின் நாக்கோடு ஒப்பிட்டு, அதில் மயிர் போன்ற இழைகள் ஒட்டியிருப்பதையும் குறிப்பிட்டார். குழலின் நாக்கு என்றால் நமக்கு நாகஸ்வரத்தின் சீவாளி நினைவுக்கு வரும். பூனைச்சுறாவின் உறையை ஒருமுறை கையில் வைத்துப் பார்த்தவர்களுக்கு இந்த உவமை எவ்வளவு கச்சிதம் என்பது தெரியும்: ஒடுங்கிய நீண்ட வடிவம், தேன் நிறம், மெலிந்த விளிம்பு, வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே தெரியும் மங்கல்.

பூனைச்சுறாவின் உறைக்கு மூலைக்கு ஒன்றாக நான்கு நீண்ட சுருள் இழைகள் இருக்கின்றன, அவரைக்கொடி பந்தலைப் பற்ற நீட்டும் சுருளைப் போல. முட்டையிடும் பெண் சுறா, முதலில் வெளிவரும் இழைகள் கடற்பாசியிலோ கடல்விசிறியிலோ மாட்டிக்கொள்ளும்வரை அதைச் சுற்றிச் சுற்றி நீந்துகிறது. இழை சிக்கியபின் அது விலகிச் செல்ல, மீதி உறை தானாகவே இழுபட்டு வெளியே வருகிறது. முடிச்சுப் போட விரல்கள் இல்லாத உயிரினம் உடம்பையே ஊசியாக்கித் தைக்கிறது என்று சொல்லலாம். ஸ்கேட்கள் இப்படிக் கட்டித்தொங்க விடுவதில்லை. மணலிலும் சேற்றிலும் கல்லிடுக்குகளிலும் இட்டுவிடுகின்றன. கொம்புகள் தரையில் ஊன்றிக்கொள்கின்றன, உறையின் மேலுள்ள பிசுபிசுப்பான நார்களில் மணலும் கூழாங்கல்லும் ஒட்டி அதைக் கனமாக்குகின்றன. ஆஸ்திரேலியக் கடலில் வாழும் போர்ட் ஜாக்சன் சுறாவின் முட்டையுறை திருகாணியைப் போல மரைபோட்டுச் சுற்றியிருக்கும். உறை இன்னும் மென்மையாக இருக்கும்போதே தாய் அதை வாயில் கவ்விப் போய்ப் பாறை இடுக்கில் செருகிவிடுகிறது. பிறகு அது இறுகும்போது, மரை இடுக்கில் சிக்கி, வெளியே இழுப்பது கடினமாகிவிடுகிறது. இத்தனை பாடுபட்டும், அதன் நெருங்கிய உறவான கொண்டைக் கொம்புச்சுறா அந்த முட்டைகளைத் தேடித் தின்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

உறைக்குள் இருக்கும் குஞ்சும் சும்மா இருப்பதில்லை. தொடக்கத்தில் உறை முழுவதும் மூடியிருக்கிறது, மஞ்சள்கருவைச் சுற்றிக் கூழ் போன்ற திரவம் நிரம்பியிருக்கிறது. வளர்ச்சிக் காலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கழிந்தபின், உறையின் ஓரங்களிலும் கொம்புகளிலும் தாய் விட்டுவைத்த மெல்லிய கீற்றுகள் கரைந்து திறக்கின்றன, கடல்நீர் உள்ளே வரத் தொடங்குகிறது. அதுமுதல் மூச்சுக்கான நீரைக் குஞ்சேதான் இறைத்துக்கொள்ள வேண்டும். ஸ்கேட் குஞ்சின் வால்நுனியில் சாட்டை போன்ற ஒரு நீட்சி இருக்கிறது. அதை அது ஒரு கொம்பின் குழிவுக்குள் நீட்டி ஓயாமல் ஆட்டுகிறது. ஒரு கொம்பின் வழியாக நீர் வெளியேற, மற்றவற்றின் வழியாகப் புதுநீர் உள்ளே வருகிறது. அதுவரை மூலை நான்கிலும் கொம்பு எதற்கு என்று யோசித்துக்கொண்டிருந்த எனக்கு, இதைப் படித்தபோதுதான் அவை பிடிமானம் மட்டுமல்ல, காற்றோட்டக் குழாய்களும்கூட என்று தெரிந்தது.

கீற்று திறப்பதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. உள்ளிருக்கும் உயிரின் வாசனை, அசைவு, மெல்லிய மின்புலம் ஆகியவை அந்த வழியே வெளியே கசியத் தொடங்குகின்றன. 2013இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பழுப்புப்பட்டை மூங்கில் சுறாவின் முட்டைகளுக்கு அருகே, இரைதேடி வரும் மீனுடையதைப் போன்ற மின்புலத்தை உண்டாக்கிப் பார்த்தார்கள். வளர்ச்சி முற்றிய குஞ்சுகள் செவுள் அசைவைக்கூட நிறுத்திவிட்டு, வாலை உடம்போடு சுருட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டன. அதே தூண்டலைச் சிறிது நேரத்தில் மறுபடியும் கொடுத்தபோது அவற்றின் அடக்கம் குறைந்திருந்தது. இன்னும் பிறக்காத மீன், எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடுகிறது.

மின்புலத்துக்கு அடங்கிக் கிடந்தாலும் தப்ப முடியாத எதிரி ஒன்று உண்டு: கடல் நத்தை. அது உறையின்மேல் ஊர்ந்து ஏறி, ரம்பம் போன்ற நாக்கால் சுரண்டி, ஒரு சிறு துளை போட்டு உள்ளிருக்கும் மஞ்சள்கருவை உறிஞ்சிவிடுகிறது. நான் எடுத்து வந்த இரண்டாவது உறை அப்படிப்பட்டது. முதலில் எனக்கு அது தெரியவில்லை. நீரில் கழுவியபோது, மேற்புறத்தில் ஓரத்துக்குச் சற்று உள்ளே, தையல் ஊசியின் காது போல வட்டமாக ஒரு துளை தெரிந்தது. கொம்புகளுக்கு இடையிலுள்ள விளிம்பு இறுக மூடியே இருந்தது. முதல் உறையில் விளிம்பு திறந்திருந்தது, துளை இல்லை. ஒரே அலை ஒதுக்கிய இரண்டு வெற்று உறைகளில் ஒன்றிலிருந்து குஞ்சு நீந்திப் போயிருக்கிறது, மற்றொன்றில் நத்தை விருந்துண்டிருக்கிறது. கரையில் கிடக்கும் உறையைப் பார்த்து "ஐயோ, செத்துவிட்டதே" என்று வருந்துகிறவர்கள் முதலில் விளிம்பைப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். கரைக்கு வருபவற்றில் பெரும்பாலானவை குடியிருந்தவர் போனபின் மிதந்துவந்த வீடுகளே.

குடியிருப்புக் காலம் இனத்துக்கு இனம் மாறுகிறது, நீரின் வெப்பத்தைப் பொறுத்தும் மாறுகிறது. முள்முதுகுத் திருக்கைக்கு நான்கைந்து மாதங்கள் போதும். சிறுபுள்ளிப் பூனைச்சுறாவுக்கு 5 முதல் 11 மாதங்கள்வரை ஆகலாம். பத்து சென்டிமீட்டர் நீளக் குஞ்சு ஒன்றுக்கு இவ்வளவு காலம். பேரிங் கடலின் குளிரில் அலாஸ்கா ஸ்கேட்டின் முட்டை பொரிய மூன்றரை ஆண்டுகள் ஆகின்றன. ஆழ்கடலில் வாழும் பசிபிக் வெள்ளை ஸ்கேட் இந்தக் காத்திருப்பைக் குறைக்க ஒரு வழி கண்டிருக்கிறது போலும். 2015இல் கலாபகோஸ் தீவுகளுக்கு அருகே, ஒன்றரை கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், ஹெர்குலிஸ் என்னும் தொலையியக்கக் கலம் கடலடி வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றி 157 முட்டையுறைகளைக் கண்டது. அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை கரும்புகை கக்கும் ஊற்றுவாய்களிலிருந்து 20 மீட்டருக்குள் இருந்தன. எரிமலையின் சூட்டில் முட்டையை அடைகாக்க வைப்பது கடல்மீனிடம் அதற்குமுன் யாரும் கண்டிராத பழக்கம்.

வெப்பம் மிகுந்தால் நல்லது என்று இதற்குப் பொருளில்லை. 2021இல் வெளியான ஓர் ஆய்வில் எப்போலெட் சுறாவின் முட்டைகளை 27, 29, 31 பாகை செல்சியஸ் நீரில் வளர்த்துப் பார்த்தார்கள். 27 பாகையில் ஏறத்தாழ 125 நாட்களில் பொரிந்தவை 31 பாகையில் 100 நாட்களிலேயே பொரிந்தன. ஆனால் அவை சிறியவையாக, சேமிப்பு மஞ்சள்கருவைத் தீர்த்துவிட்டுச் சோர்ந்து பிறந்தன. தாய் கட்டிக்கொடுத்த சாப்பாட்டு மூட்டைக்கு ஓர் அளவு இருக்கிறது. வெப்பம் உடம்பின் செலவைக் கூட்டிவிட்டால் அதை நிரப்ப இன்னொருவர் வரப்போவதில்லை.

ஒரு முட்டையுறையை மட்டும் வைத்துக்கொண்டு முழுக்கதையையும் சொல்லிவிடலாம் என்று நம்புகிறவர்கள் திமிங்கிலச் சுறாவின் வரலாற்றைத் தெரிந்துகொள்வது நல்லது. 1953இல் மெக்சிகோ வளைகுடாவில், டெக்சஸ் கரைக்கு அப்பால் 57 மீட்டர் ஆழத்தில், ஒரு மீன்பிடிப் படகின் இழுவலையில் 30 சென்டிமீட்டர் நீளமுள்ள ஓர் உறை சிக்கியது. அதற்குள் இருந்த உயிருள்ள குஞ்சு திமிங்கிலச் சுறாவின் சாயலில் புள்ளியும் கோடுமாக இருந்தது. உலகின் மிகப் பெரிய மீன் முட்டையிடும் மீன்தான் என்று பாடநூல்கள் நெடுங்காலம் எழுதிவந்ததற்கு இந்த ஒற்றைச் சான்றுதான் ஆதாரம். ஆனால் அந்த உறை வழக்கத்துக்கு மாறாக மெலிந்திருந்தது, எதையும் பற்றிக்கொள்ள அதில் இழைகள் இல்லை, குஞ்சிடம் மஞ்சள்கரு ஏராளமாக மிச்சமிருந்தது. இவற்றைக் கவனித்த சிலர் இது காலத்துக்கு முன் வெளியே தள்ளப்பட்டதாக இருக்கலாம் என்று ஐயப்பட்டார்கள். 1995இல் தைவான் கடலில் பிடிபட்ட கருவுற்ற பெண் ஒன்றின் வயிற்றில் சுமார் 300 குஞ்சுகள் இருந்தன, சில இன்னும் உறைக்குள், சில உறையை விட்டு வெளியேறி. உறை தாயின் வயிற்றுக்குள்ளேயே திறந்து, குஞ்சு உயிரோடு பிறக்கிறது என்பது அதன்பின் உறுதியானது. நாற்பது ஆண்டுகள் எல்லாரையும் தவறான வழியில் நடத்திய அந்த உறை பொய் எதுவும் சொல்லவில்லை. அதில் இழை இல்லை என்பது முதல் நாளே கண்ணுக்குத் தெரிந்த செய்தி.

புதைபடிவ உலகிலும் இப்படி ஒரு கதை உண்டு. 1828இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் பிரோனியார், பாறையில் பதிந்திருந்த திருகிய உருவம் ஒன்றைத் தாவரம் என்று கருதிப் பாலியாக்சிரிஸ் என்று பெயரிட்டார். அது அழிந்துபோன சுறாக்களின் முட்டையுறை என்று பிற்காலத்தில் தெளிவானது. 30 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய பாறைகளிலும் அது கிடைக்கிறது. எலும்பில்லாத மீனின் உடம்பு பெரும்பாலும் மக்கிப்போகிறது, பல்லும் முள்ளும்தான் மிஞ்சுகின்றன. குஞ்சுக்காகச் செய்த இந்த மெல்லிய உறை அந்த வரிசையில் சேர்ந்துகொண்டது எனக்கு இன்னும் வியப்புதான்.

கரையில் கிடைக்கும் உறைகளைச் சேகரித்துப் பதிவுசெய்யும் வேலையைப் பிரிட்டனின் ஷார்க் டிரஸ்ட் என்னும் அமைப்பு 2003 முதல் பொதுமக்களைக் கொண்டு நடத்திவருகிறது. அதில் சேர்ந்த பதிவுகள் ஒரு லட்சத்தைத் தாண்டி வெகுநாளாகிறது. வெற்று உறை காற்றிலும் நீரோட்டத்திலும் வெகுதூரம் மிதக்கக்கூடியது என்பதால், அது கிடைத்த கரைக்கு நேரெதிரேதான் முட்டை இடப்பட்டது என்று முடிவுகட்ட முடியாது. இருந்தாலும் ஒரே கரையில் ஆண்டுதோறும் ஓர் இனத்தின் உறைகள் குவிந்தால், அந்தக் கடற்பகுதியில் தேடிப் பார்ப்பதற்குக் காரணம் கிடைத்துவிடுகிறது. நீருக்கடியில் முட்டையிடும் இடம் அகப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்காட்லாந்தில் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. இரண்டு மீட்டருக்கும் மேல் வளரும் ஃபிளாப்பர் ஸ்கேட் மிகக் கடுமையான அழிவு அபாயத்தில் உள்ள இனம். 2010வரை அது தனி இனம் என்றே யாருக்கும் விளங்கவில்லை; சாதாரண ஸ்கேட் என்ற ஒரே பெயருக்குள் இரண்டு இனங்கள் ஒளிந்திருந்தன. அதன் உறை 28 சென்டிமீட்டர்வரை நீளமுள்ளது, பொரிய ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு ஆகிறது. ஸ்கை தீவுக்கு அருகே கற்பாறைகள் நிறைந்த கடலடியில் அதன் முட்டைகளை முக்குளிப்பவர்கள் கண்டதைத் தொடர்ந்து, 2021இல் அந்தப் பகுதியை ரெட் ராக்ஸ் அண்ட் லாங்கே என்ற பெயரில் அவசரப் பாதுகாப்புப் பகுதியாக அரசு அறிவித்தது. 2023இல் அது நிரந்தரமாயிற்று. ஒன்றரை ஆண்டு அசையாமல் கிடக்க வேண்டிய முட்டைக்கு, ஒரே ஒரு முறை கடலடியை வாரிச் செல்லும் இழுவலை போதும்.

நான் செய்த பிழையையும் சொல்லிவிடுகிறேன். முதல் உறையை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே அளவுகோலை வைத்து அளந்து, கொம்புகளை விட்டுவிட்டு 5.8 சென்டிமீட்டர் என்று குறித்துக்கொண்டு, அடையாள அட்டவணையில் பார்த்து, வேறொரு சிறிய இனத்தின் பெயரை எழுதிவைத்தேன். காய்ந்த உறை சுருங்கும் என்பதும், அளப்பதற்கு முன் அதை நீரில் ஊறவைக்க வேண்டும் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. அடுத்த வாரம் ஒரு வாயகன்ற பாத்திரத்தில் இரண்டையும் போட்டு, மிதந்து மேலே வராமல் ஒரு தட்டைக் கவிழ்த்து, இரவு முழுவதும் விட்டுவைத்தேன். காலையில் எடுத்தபோது அவை வேறு பொருட்களாக இருந்தன. கறுப்பு, ஆழ்ந்த பழுப்பாக மாறியிருந்தது. வளைந்து கிடந்த கொம்புகள் நிமிர்ந்திருந்தன. கையில் எடுத்தால் ஈரத்தோல் போல வழுக்கி வளைந்தது, கொஞ்சம் கடல்நாற்றமும் அடித்தது. திறந்த விளிம்பை விரலால் அகற்றி உள்ளே பார்த்தேன். உட்சுவர் வெளிப்புறத்தைப் போலச் சொரசொரப்பாக இல்லை; நகப்பூச்சு அடித்தது போல வழவழவென்று மின்னியது. மறுபடி அளந்தேன், 6.7 சென்டிமீட்டர். பழைய பெயரை அடித்துவிட்டு முள்முதுகுத் திருக்கை என்று எழுதி, அருகில் 'ஈரத்தில்' என்ற சொல்லையும் சேர்த்தேன்.

பிறகு இரண்டையும் ஜன்னல் ஓரத்தில் ஒரு பழைய துணியின்மேல் காயவைத்தேன். மூன்றாம் நாள் பார்த்தபோது துளையுள்ள உறை தட்டையாகவே காய்ந்திருந்தது. திறந்த உறையின் வாய் சற்று அகன்று, கொம்புகள் இரண்டும் மீண்டும் உட்பக்கமாக வளையத் தொடங்கியிருந்தன.